கம்பிக்காரனின் கோட்டுக்கு என்ன நிறம்

எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் ஊசியக்கா முதலில் செய்வது ஒரே காரியம்தான். நூல்கண்டிலிருந்து ஒரு முழம் இழுப்பாள். அதை இடது கை மோதிர விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஜன்னல் பக்கம் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். விரலைத் துணியின்மேல் வைத்து இன்னொரு தரம் பார்ப்பாள். பிறகு கண்டின் அடியில் ஒட்டியிருக்கும் பொட்டுத் தாளைத் திருப்பி, அதில் அச்சிட்டிருக்கும் எண்ணை உதடு மட்டும் அசையச் சொல்வாள். "இருநூத்தி ஆறு." இல்லையென்றால், "எழுபத்தி ஒண்ணு." அதற்குப் பிறகுதான் ஊசி, கத்தரி எல்லாம்.

புதிதாக வருகிற வாடிக்கையாளர்கள் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். லாண்டரிக்காரர் உடனே, "பேசலாம் சார், தாராளமா பேசலாம். அக்கா நிறத்துக்குப் பேர் வெச்சிக்கிட்டு இருக்காங்க" என்பார்.

அவர் சொல்வது உண்மைதான். ஊசியக்காவுக்குச் சிவப்பு, பச்சை என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். வெளியூரில் இருக்கும் மகள் போனில், "பச்சையா ஒரு சட்டை எடுத்தேம்மா" என்றால், "எந்தப் பச்சை? முப்பத்தி நாலா, நூத்தி ஒம்பதா?" என்று கேட்பாள். மகள் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

லாண்டரியின் பின்பக்கம், ஜன்னலை ஒட்டி அவளுடைய மூலை. ஒரு தையல் மிஷின், ஒரு மேசை, நூல்கண்டுகள் அடுக்கிய தகர டப்பா. தலைக்கு மேலே கம்பியில் பிளாஸ்டிக் உறை போட்ட உடைகள் வரிசையாகத் தொங்கும். தலையில்லாதவர்கள் எதற்கோ பொறுமையாகக் காத்திருப்பதுபோல இருக்கும். ஜிப் மாற்றுவது, கால்சட்டையின் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, விடுவது, இவைதான் வேலை. ஊரில் யார் இளைக்கிறார்கள், யார் பெருக்கிறார்கள் என்பது டாக்டருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். வெளியே மூச்சு விடமாட்டாள். சட்டையின் உள்பக்கம் பார்ப்பவள் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தை முப்பத்தாறு வருஷம் வெளியே விடாமல் வைத்திருந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அது வெளியே வந்தது மூக்குக் கண்ணாடிக் கூட்டிலிருந்து. அவள் கண்ணாடியை எடுக்கும்போது நாலாக மடித்த பத்திரிகைத் துண்டு ஒன்று கீழே விழுந்தது. லாண்டரிக்காரர் குனிந்து எடுத்தார். சின்னக் கத்தரியால் நூல் பிடித்தாற்போல நேராக வெட்டிய துண்டு.

"என்னக்கா, கண்ணாடிக்குள்ள பேப்பர்?"

"குடுங்க இங்க."

அவர் அதற்குள் படித்துவிட்டார். கம்பிக்காரனின் வாழ்க்கையை முழுக்க முழுக்கச் சித்திரங்களாகவே வரைந்து ஒரு புத்தகம் வரப்போகிறது. அவரை அறிந்தவர்கள், பழைய படங்கள் வைத்திருப்பவர்கள் கீழ்க்கண்ட எண்ணில் தொடர்புகொள்ளலாம் என்று இருந்தது. கம்பிக்காரனை அந்த ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. மின்சார கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, ராக் இசை என்றால் என்னவென்று ஊருக்குக் காட்டியவன். வாசிக்கிற வேகத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு கம்பியாவது அறுந்துவிடும். அதனால் அந்தப் பெயர். பிறகு பெருநகரம் போய்ப் புகழ் சம்பாதித்து, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இறந்தும் போனான்.

"உங்களுக்குத் தெரியுமாக்கா அவரை?"

"ஒரு கோட்டு தைச்சுக் குடுத்தேன்."

"என்ன கோட்டு?" என்று கேட்டவர், அடுத்த நொடி குரல் மாறி, "அந்தக் கோட்டா?" என்றார்.

அவனுடைய முதல் இசைத்தட்டின் உறையில் முழங்கால்வரை தொங்குகிற கோட்டு ஒன்று இருக்கும். அவன் என்றால் அந்தக் கோட்டுத்தான் முதலில் ஞாபகம் வரும், முகம் அப்புறம்தான்.

"ஆமா. அதுதான்."

"பதினோரு வருஷமா இங்கயே உக்காந்திருக்கீங்க. ஒரு வார்த்தை சொன்னீங்களா? நானா இருந்தா வாசல் போர்டுலயே எழுதி மாட்டியிருப்பேன்."

"அதனாலதான் நீங்க முதலாளி, நான் தையல்காரி."

அந்தத் துண்டை வெட்டி வைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தினமும் எடுத்துப் பார்த்து, எண்ணைப் படித்து, மடித்து வைத்துவிடுவாள். லாண்டரிக்காரருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அவள் வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் போன் போட்டுவிட்டார்.

நாலாம் நாள் சித்திரக்காரப் பெண் வந்தாள். முதுகில் பை, சுண்டுவிரலில் அழியாத மைக்கறை. உள்ளே நுழைந்ததும் ஜன்னல் எந்தப் பக்கம், வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்தாள். இவள் நம்ம ஆள் என்று ஊசியக்காவுக்கு அப்போதே தோன்றிவிட்டது.

"ஆன்ட்டி, நான்தான்…"

"அக்கான்னு கூப்பிடு. ஆன்ட்டின்னா பின்னால வேற யாரோ நிக்கிறாங்களோன்னு திரும்பிப் பாக்கத் தோணுது."

பெண் சிரித்துக்கொண்டே பையிலிருந்து தாள்களை எடுத்து மேசைமேல் பரப்பினாள். பள்ளி பெஞ்சில் தாளம் போடும் சிறுவன். சோபா செய்யும் பட்டறையில் தேங்காய் நார் அடைத்துக்கொண்டிருக்கும் இளைஞன். பிறகு மேடை. மேடைப் படங்கள் எல்லாவற்றுக்கும் வண்ணம் தீட்டியிருந்தது; கிட்டார் பளபளத்தது, விளக்குகள் மஞ்சளாக வழிந்தன. கோட்டு இருக்க வேண்டிய இடம் மட்டும் தாளின் வெள்ளையாகவே இருந்தது. பக்கம் பக்கமாக, அவன் உருவத்தில் வெள்ளை ஓட்டை.

"கோட்டோட இருக்கற படமெல்லாம், இசைத்தட்டு உறைகூட, கறுப்பு வெள்ளைக்கா. அவரைக் கலர்ல எடுக்க ஆரம்பிச்ச நேரத்துக்குக் கோட்டு தொலைஞ்சு போச்சு. ஒம்பது பேரைக் கேட்டேன். டிரம்ஸ் வாசிச்சவர் கறுப்புங்கறார். முதல் மனைவி, நல்ல சிவப்பு, பளபளன்னு இருக்கும்னு அடிச்சுச் சொல்றாங்க. மேடைக்கு விளக்கு போட்டவர், அது ஒரு நிறமா இருந்தா சொல்ல மாட்டேனான்னு என்னையே திருப்பிக் கேக்கறார். ஒருத்தர் பச்சைன்னார். அவரை விட்டுட்டேன், அவர் அந்தக் காலத்துல ஊர்லயே இல்லையாம்."

"நானூத்திப் பதினெட்டு" என்றாள் ஊசியக்கா.

பெண் விழித்தாள்.

சுவரில் நூல் கம்பெனி கொடுத்த அட்டை மாட்டியிருந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எறும்பு அளவுக்கு நூல் சுற்றியிருக்கும். ஊசியக்கா பார்க்காமலேயே கையை நீட்டி ஒரு இடத்தில் விரலை வைத்தாள். "கத்தரிப்பூவும் இல்ல, கருஞ்சிவப்பும் இல்ல. அடிபட்ட இடம் ரெண்டாம் நாள் கன்னிப்போய் நிக்குமில்ல, அது."

பெண் பையிலிருந்து வண்ணப் பெட்டியை எடுத்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, அட்டைக்குப் பக்கத்தில் நின்றபடியே கலந்தாள். முதல் கலவையைப் பார்த்து ஊசியக்கா உதட்டைப் பிதுக்கினாள். இரண்டாவதற்கு, "இது நாலாம் நாள்" என்றாள். ஐந்தாவது கலவையைத் தாளில் தடவி நூலின் பக்கத்தில் பிடித்தபோது நூல் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

"அப்ப முழுக் கோட்டும் இதே நிறந்தானேக்கா?"

"ஆமா" என்றாள் ஊசியக்கா. சொல்லிவிட்டு, குனிந்து மிஷினில் நூலைக் கோக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே கோத்துத்தான் இருந்தது.

முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஆண்கள் உடுப்பு தைக்கும் கடை ஒன்றில் வேலை. முன்பக்கம் மாஸ்டர் துணி வெட்டுவார். திரைக்குப் பின்னால் அவளும் இன்னும் மூன்று பெண்களும் பொத்தான் துளை போடுவார்கள், ஓரம் மடிப்பார்கள். கத்தரியைத் தொட அனுமதி இல்லை. ஒரு மத்தியானம், தோளில் வெல்வெட் துணியைப் போட்டுக்கொண்டு ஒருவன் வந்தான். அவன் வேலை செய்யும் சோபாப் பட்டறையில் மிஞ்சிய துணி.

மாஸ்டர் தடவிப் பார்த்துவிட்டு, "இது நாற்காலிக்குப் போடறதுப்பா. மனுஷனுக்குப் போடமாட்டேன்" என்றார்.

"பரவால்ல மாஸ்டர். எல்லாரும் என் மேல ஏறித்தான் உக்கார்றாங்க."

திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு கேட்டது. அடக்கியும் அடங்காத சிரிப்பு. மாஸ்டர் முறைத்தார். அவன் போய்விட்டான். கடை அடைக்கும் நேரத்தில் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தான்.

"சிரிச்சது நீங்கதானே?"

"இல்லையே."

"அப்ப எதுக்கு இப்பவும் சிரிக்கிறீங்க? தைக்கத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள். அவளுக்குப் பொத்தான் துளை தெரியும்.

கடைக்குப் பக்கத்துச் சந்தில், நாற்பது வாட் பல்பின் கீழே அளவெடுத்தாள். அவனுடைய இடது தோள் வலது தோளைவிட அரை இன்ச் இறங்கியிருந்தது. கிட்டாரின் வார் அழுத்தி அழுத்தி இறங்கியது. அது அவனுக்கே தெரியாது. நாடாவை இரண்டு தரம் வைத்துப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் அளவு நாடா இருந்தது. நாடாதான் இருந்தது.

இடது தோளுக்குள் யாருக்கும் தெரியாமல் பஞ்சு வைத்துச் சமன் செய்யலாம் என்று தீர்மானித்தாள். ராத்திரி வீட்டில் வைத்துத் தைத்த மூன்று வாரத்தில் மூன்று முறை சந்துக்குப் போட்டுப் பார்க்க வந்தான். நிற்கச் சொன்னால் நிற்கமாட்டான். விரல் எங்காவது தட்டிக்கொண்டே இருக்கும்.

"ஆடாதீங்க. ஊசி குத்தும்."

"குத்தட்டும். எனக்கும் ஒரு பாட்டு வரும்."

துணி போதவில்லை. உடம்பு, முதுகு, இடது கை எல்லாம் வெட்டிய பிறகு வலது கைக்கு ஓரமாக ஒரு துண்டுதான் இருந்தது. மாதிரித் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தாள், கனகச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு விரல்கடைத் துணிகூட வீணாகவில்லை. அவளுக்குத் தன்மேலேயே பெருமை. அதுவரை அவள் கையில் வந்ததெல்லாம் பருத்தித் துணி. பருத்திக்குத் தலை ஏது, கால் ஏது? வெல்வெட் அப்படி இல்லை. அதன்மேல் இருக்கும் மெல்லிய ரோமம் ஒரு பக்கமாகப் படுத்திருக்கும். ஒரு வாக்கில் தடவினால் வழுக்கும். எதிர்வாக்கில் தடவினால் விரலைப் பிடிக்கும். ஒரு வாக்கில் பார்த்தால் ஒரு நிறம். எதிர்வாக்கில் பார்த்தால் வேறு நிறம். ஓர் உடுப்பின் எல்லாத் துண்டுகளையும் ஒரே வாக்கில் வெட்ட வேண்டும் என்பது முன்பக்கம் கத்தரி பிடிப்பவர்களுக்குத் தெரியும். திரைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு யார் சொல்வார்கள்?

முழுசாகத் தைத்து முடித்து, காலையில் ஜன்னலோரம் மாட்டியபோதுதான் பார்த்தாள். கோட்டு முழுக்க ஆழ்ந்த நிறத்தில் அமைதியாக இருந்தது. வலது கை மட்டும் வெளிறி, பளபளவென்று, வேறு யாருடைய கையோ வந்து ஒட்டிக்கொண்டதுபோலத் தொங்கியது. மாற்றித் தைக்கத் துணி இல்லை.

அதைப் பொழுது சாய்ந்த பிறகு, அதே சந்தில், அதே நாற்பது வாட் பல்பின் கீழே கொடுத்தாள். அந்த வெளிச்சத்தில் எல்லாம் ஒரே கறுப்பு. அவன் போட்டுக்கொண்டு, இல்லாத கிட்டாரைக் காற்றில் வாசித்தான்.

"கை எவ்ளோ லேசா போகுது பாருங்க" என்றான். "சனிக்கிழமை வந்துடுங்க."

போனாள். கூட்டத்தின் கடைசியில் நின்றாள். விளக்கு போட்டதும் அவள் பயந்தது நடந்தது. கம்பியை அடிக்கிற கை அதுதான். ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தக் கை வெளுத்துக் கறுத்து, வெளுத்துக் கறுத்து, தண்ணீருக்குள் மீன் புரள்வதுபோல மின்னியது. கூட்டம் ஓவென்று கத்தியது. தன் தப்பைப் பார்த்துத்தான் கத்துகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. மூன்றாவது பாட்டோடு வெளியே வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் அவன் கடைக்கு வந்தான். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில். திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். வெயிலில் அந்தக் கை ஊருக்கே தெரிந்தது. மாஸ்டரைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டு, "என்னைக் கேட்டா இல்லன்னு சொல்லிடுங்க" என்றாள். மாஸ்டருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? "வேலையை விட்டே போயிடுச்சு" என்றார். அவன் ஒரு நிமிஷம் நின்றான். போனான். அந்த மாதமே ஊரைவிட்டும் போய்விட்டான்.

"கம்பிக்காரன் கம்பி நீட்டிட்டான்டி" என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

திட்ட வந்தானா, வேறு எதற்காவது வந்தானா? திட்டத்தான் வந்திருப்பான். ஆனால் திட்டுவதென்றாலும் ஒரு தரம் தன் முகத்தைப் பார்த்துத் திட்டியிருப்பான் அல்லவா? கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, மகளுக்கும் கல்யாணம் ஆகி, இந்த நினைப்பு மட்டும் அப்படியே இருந்தது. ரேடியோவில் அவன் பாட்டு வந்தால் கேட்பாள். கிட்டார் வேகமெடுக்கும் இடம் வந்ததும் நிறுத்திவிடுவாள். அந்த இடத்தில் கை எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

பத்து நாள் கழித்து சித்திரக்காரப் பெண் வண்ணம் தீட்டிய பக்கங்களோடு வந்தாள். லாண்டரிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அடேயப்பா" என்றார். வெள்ளை ஓட்டையெல்லாம் நிரம்பியிருந்தது. நானூற்றுப் பதினெட்டு, இம்மி பிசகவில்லை. தோள், முதுகு, இரண்டு கை, எல்லாம் ஒரே நிறம். தேர்ந்த தையல்காரன் தைத்த, குறை சொல்ல முடியாத கோட்டு.

"நல்லாருக்கு" என்றாள் ஊசியக்கா.

"அடுத்த வாரம் அச்சுக்குப் போயிடும்க்கா. கடைசிப் பக்கத்துல நன்றின்னு போட்டு உங்க பேரும் வரும்."

"ம்."

வீட்டுக்கு வந்தவள் தோள்பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் எந்த மாடியில் இருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

"என்ன, இன்னைக்கு நடுவுல நின்னுட்ட மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"உன் கம்பிக்காரன் புக்கு வந்துச்சா?"

"என் கம்பிக்காரனா? நல்லாருக்கே கதை."

"பின்ன? எனக்கு இத்தனை வருஷத்துல ஒரு கோட்டு தைச்சுக் குடுத்திருக்கியா?"

"உங்க தோளுக்கு ரெடிமேடே சரியா இருக்கு. கோணல் இருந்தாத்தானே எனக்கு வேலை?"

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தப்பா தைச்சதைச் சரியா வரைஞ்சிருக்காங்க" என்றாள்.

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா அதுல நான் இல்ல."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பழுதான லிஃப்ட்டுக்குள் இருப்பவரிடம் வெளியிலிருந்து ஓயாமல் பேசக் கூடாது என்பது அவருடைய அனுபவம்.

இரண்டு நாள் அவள் அந்தக் கோட்டைச் சுமந்துகொண்டு நடந்தாள். சொல்லாவிட்டால், ஊசியக்கா என்பவள் பிரமாதமான கோட்டு ஒன்றைத் தைத்தாள் என்று புத்தகத்தில் இருக்கும். சொன்னால், அவளுடைய தப்பு அச்சில் ஏறி அவளுக்குப் பின்னாலும் இருக்கும். ஆனால் அவன் உடம்பில் மேடைக்கு மேடை ஏறி இறங்கியது அந்தத் தப்புத்தான். அதை எடுத்துவிட்டால் அவன் பக்கத்தில் அவளுக்கு நிற்க இடமில்லை. ஒரு கை அகலம்கூட இல்லை.

மூன்றாம் நாள் அவளே போன் செய்தாள். பெண் அலறியடித்துக்கொண்டு வந்தாள். வெளுப்பதற்கு வந்திருந்த வெல்வெட் பாவாடை ஒன்று கம்பியில் தொங்கியது. ஊசியக்கா அதை எடுத்து மேசையில் விரித்து, பெண்ணின் கையைப் பிடித்து, முதலில் கீழ்நோக்கித் தடவினாள். பிறகு மேல்நோக்கி. தடவிய இடம் மட்டும் நிறம் மாறி நின்றது.

"வலது கையை நான் தலைகீழா வெட்டிட்டேன்" என்றாள். "தெரியாமப் பண்ணினது. பச்சைன்னவரை விடு, மத்த யாரும் உன்கிட்ட பொய் சொல்லல. யார் எந்தப் பக்கம் நின்னாங்கன்னு கேட்டிருக்கணும். டிரம்ஸ்காரர் பின்னால உக்காந்திருப்பார். அவருக்கு முதுகுதான் தெரியும், அது கறுப்பாத்தான் தெரியும். மனைவி மேடைக்கு எந்தப் பக்கம் நிப்பாங்க?"

பெண் கொஞ்சம் யோசித்தாள். "அவருக்கு வலது பக்கம்" என்றாள் மெதுவாக. "எல்லாப் படத்துலயும் வலது பக்கந்தான் நிக்கிறாங்க. அப்ப விளக்குக்காரர்…"

"அவருக்குத்தான் ரெண்டும் தெரிஞ்சிருக்கு."

பெண் நாற்காலியில் உட்கார்ந்து, சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் சிரித்தாள். "நாலு மாசமா தலையைப் பிச்சுக்கிட்டு இருக்கேங்க்கா. இதை எழுதிடட்டுமா?"

"எழுத வேணாம். வரைஞ்சுடு."

வரைந்தாள். பதினேழு படங்கள். ஐந்து நாளில் வலது கையை மட்டும் திரும்பத் தீட்டி, பெரிய படங்களில் ரோமம் புரள்வதுகூடத் தெரிகிற மாதிரி செய்து, போனில் ஒவ்வொன்றாக அனுப்பினாள். ஊசியக்கா தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஒன்றே ஒன்றுக்கு மட்டும், "முழங்கைக்கு மேல இன்னும் கொஞ்சம் வெளுக்கணும்" என்று சொல்லியனுப்பினாள். அன்றைக்கு வந்த கால்சட்டைகளில் இரண்டைத் தப்பான நீளத்துக்கு மடித்தாள். லாண்டரிக்காரர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

புத்தகம் வந்த அன்று பெண் நேராக லாண்டரிக்குத்தான் வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. புத்தகத்தை மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அச்சகத்துல கலர் பாத்துச் சரி பண்ற அண்ணன் ஒருத்தர் இருக்கார். ரொம்ப நல்ல வேலைக்காரர்."

"சரி?"

"ஒரு கை மட்டும் வெளிறியிருக்கு, கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சுட்டார். லீவு நாள்ல உக்காந்து எல்லாத்தையும் ஒரே நிறமா சரி பண்ணி ஓட்டிட்டார். நான் அவருக்கு நன்றி சொல்லணும்னு வேற எடிட்டர்கிட்ட சொல்லியிருக்கார். ஆயிரத்து ஐநூறு பிரதியும் கட்டுப்போட்டு முடிஞ்சுது."

லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஊசியக்கா புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். அழகான அச்சு. அமைதியான, சமமான, குற்றம் குறை இல்லாத கோட்டு. அந்த மனிதர் ஒரு கோடுகூடத் தாண்டாமல் செய்திருந்தார். எவ்வளவு கவனமான கை என்று அவளுக்குத்தான் தெரியும்.

"அவர் மேல தப்பில்ல" என்றாள். "கண்ணுல பட்டுட்டா விட முடியாது. நானா இருந்தாலும் சரி பண்ணியிருப்பேன்."

பெண்ணின் கண் கலங்கியிருந்தது. "அடுத்த பதிப்பு வந்தா கண்டிப்பா மாத்திடறேங்க்கா."

"வரட்டும்" என்றாள் ஊசியக்கா. பக்கங்களைத் திருப்பிக்கொண்டே இருந்தவள் நடுவில் நின்றாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புத்தகத்தை ஜன்னல் பக்கம் சாய்த்தாள். திறந்தவெளி மைதானத்தை மேலேயிருந்து பார்ப்பதுபோல வரைந்த பக்கம் அது. ஆயிரம் தலைகள், அவற்றுக்கு அந்தப்புறம், சட்டைப் பொத்தான் அளவு மேடை, அதில் அவன். கையைத் தூக்கியிருந்தான். அச்சகத்துக்காரரின் கண்ணுக்குத் தப்பிய பதினேழாவது படம். கோட்டில் பாசிமணி அளவுக்கு ஓரிடம் மட்டும் வெளுத்திருந்தது.

கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று பார்த்தாலும் அவன் அவ்வளவுதான் தெரிவான்.

ஊசியக்கா அந்தப் பக்கத்தை வெகுநேரம் திருப்பவில்லை. சாயங்காலம் அவள் கணவர் குடையோடு அழைத்துப்போக வந்தபோது அவரிடம் புத்தகத்தைக் கொடுத்து, எந்த இடம் என்று சொல்லாமல், "கண்டுபிடிங்க பாப்போம்" என்றாள். அவர் பஸ்ஸில் வீடுவரை தேடினார்.

இன்னொரு விஷயம் புத்தகம் வந்து எட்டு மாதம் கழித்துத்தான் தெரிய வந்தது. சித்திரக்காரப் பெண்ணிடம் சொன்னவர் டிரம்ஸ்காரர். அதுவரை அவரிடம் எல்லோரும் நிறத்தைப் பற்றித்தான் கேட்டிருந்தார்கள். கம்பிக்காரன் தையல் கடைக்குப் போன அந்தப் பகலில், எதிரே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தது அவர்தான். மடியில், பட்டறைக்குப் புதிதாக வந்த அதே வெல்வெட் நாலு மீட்டர் இருந்தது. தனக்கும் அப்படி ஒரு கோட்டு வேண்டுமென்று அவர்தான் நச்சரித்து அழைத்து வந்திருக்கிறார். கம்பிக்காரன் கடையிலிருந்து வெளியே வந்து, "அந்தப் பொண்ணு போயிடுச்சாம்டா" என்றானாம். வேறு யாரிடமாவது கொடுக்கலாமே என்று இவர் கேட்டதற்கு, "கோட்டு யார் வேணா தைப்பாங்க, அந்தக் கையை வேற யாருக்கும் தைக்க வராது" என்று சொல்லி, துணியை அப்படியே பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டானாம்.